ஒத்தைக்காதுக்காரியின் இரண்டு மைக்குகள்

என் தம்பி பெண்டாட்டிக்கு ஒத்தைக்காது என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கிக்காரர்களும் தடுப்பூசி போடுகிறவர்களும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், போதும். அவளுக்கு இரண்டு காதும் பாம்புச் செவி. ஆனால் ஹெட்போன் மாட்டினால் இடது காதில் மட்டும்தான் மாட்டுவாள். வலது பக்கத்து மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வாள். பார்த்தால் தலையில் ஏதோ நழுவிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். நான் கீழே கடையிலிருந்து "ஏய் ஒத்தைக்காது!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், மாடியிலிருந்து "இதோ வந்துட்டேன் அண்ணி" என்று பதில் வரும். இரண்டாவது தடவை கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பழக்கம் அவளுடைய பழைய வேலையில் ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றுக்குத் தொலைபேசியில் குறை கேட்கிற வேலை. ஒற்றைக் காதுக்கு மட்டும் ஹெட்போன் தருவார்கள். அந்தக் காதில் வாடிக்கையாளர் திட்டுவார், அடுத்த காதில் முதுகுக்குப் பின்னால் நடக்கிற சூப்பர்வைசர் திட்டுவார். கடைசி இரண்டு வருடம் அவளை வேறு அறையில் உட்காரவைத்து, மற்றவர்கள் பேசிய அழைப்புகளின் பதிவைக் கேட்டுத் தரம் சொல்லச் சொன்னார்கள். யார் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்கள், யார் பேசும்போதே எதையோ மென்றார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாளாம். பிறகு கம்பெனியே மூடிவிட்டது. இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறான். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். நான் கீழே துணி தைக்கிற, திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். சரி, கைக்கு ஒத்தாசையாக ஆள் கிடைத்தது என்று நினைத்து இவளிடம் பட்டன் தைக்கக் கொடுத்தேன். அடடா, என்ன கைவேலை! சட்டையைப் போட்டவர் கொஞ்சம் ஆழமாக மூச்சு விட்டால் பட்டன் எதிரில் நிற்பவர் கண்ணைப் பதம் பார்க்கும். ஒரே வாரத்தில் என் கடைப் பெயரைக் கெடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பின் தெருவில் கிடார் செய்கிறவர், கிடார்களுக்கு உறை தைக்கக் கொடுக்க வந்தார். வந்தவர் புலம்ப ஆரம்பித்தார். தூரத்து ஊர்களில் இருப்பவர்கள், கிடார் எப்படி ஒலிக்கும் என்று கேட்கவைத்தால்தான் வாங்குவோம் என்கிறார்களாம். போனில் பதிந்து அனுப்பினால் தகர டப்பாவைத் தட்டியது போல இருக்கிறதாம். பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இவள் தலையை நிமிர்த்தி, "நான் பதிவு பண்ணித் தரட்டுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பட்டனிலிருந்து விடுதலை கிடைக்கிறதே என்று, "தாராளமா பண்ணு தாயே" என்றேன்.

பிடித்தால் ஒரே பிடி. ஆறேழு மாதம் எதை எதையோ பார்த்துப் படித்தாள். மாடியில் நான் துண்டுத் துணி போட்டுவைக்கிற அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் பழைய போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டாள். கடைசியில் இரண்டு மைக்குகள் வந்தன. ஒன்றின் தலைமேல் இன்னொன்று, மூக்கும் நெற்றியும் போல ஒட்டி நின்றன.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு பத்தாதா?" என்றேன்.

"கீழ இருக்கறது நேர் மைக், அண்ணி. வாசிக்கறவங்களை முகத்துக்கு நேரா பார்த்துக் கேக்கும். மேல இருக்கறது பக்க மைக். அதுக்கு எதிர்ல நிக்கறவங்க சத்தம் காதுல விழவே விழாது. இடப்பக்கம், வலப்பக்கம், அது ரெண்டும்தான் கேக்கும்."

"என் தம்பி மாதிரின்னு சொல்லு. எதிர்ல நிக்கற பொண்டாட்டி கத்தினாலும் கேக்காது. அக்கம்பக்கத்துல யார் குசுகுசுன்னு பேசினாலும் கேட்டுடும்."

அவள் சிரித்துவிட்டு மேலே சொன்னாள். "நேரையும் பக்கத்தையும் கூட்டினா அது இடது காதுக்கு. நேர்லேருந்து பக்கத்தைக் கழிச்சா அது வலது காதுக்கு. ரெண்டு காதுலயும் கேட்டா அந்த அறையிலயே உக்காந்து கேக்கற மாதிரி இருக்கும். இதுக்கு மிட்-சைடுன்னு பேரு."

"இவ்வளவு கணக்கு எதுக்கு? ஆளுக்கொரு காதுன்னு ரெண்டு மைக்கை வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

"கிடார் வாங்கறவங்க எல்லாம் போன்லதானே கேக்கறாங்க? போன்ல ஒத்தை ஸ்பீக்கர்தான். அது ரெண்டு காதுக்கும் உள்ளதை ஒண்ணா சேர்த்துடும். அப்போ பக்க மைக் சத்தம் ஒண்ணுல கூட்டல், ஒண்ணுல கழித்தல், ரெண்டும் அடிபட்டுப் போயிடும். நேர் மட்டும் சுத்தமா நிக்கும். இந்த முறையில பதிஞ்சா போன்ல கேட்டாக்கூட வாத்தியம் கெடாது அண்ணி."

கெடாது என்றாளா? அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை பிடித்துக்கொண்டது. கிடார்காரர் செய்து முடிக்கிற ஒவ்வொரு கிடாரும் எங்கள் மாடி ஏறி இறங்கித்தான் விலைக்குப் போயிற்று. பிறகு மாண்டலின், புல்லாங்குழல், ஒரு முறை வயலினுக்குப் பாட்டன் மாதிரி ஒரு செல்லோ. நான் தையல் மெஷினை நிறுத்த வேண்டும், குக்கர் வைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. என் வீட்டில் நானே திருடி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு களை வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

என் மகள் வயலின் வாசிக்கிறாள். சின்ன வயதிலிருந்து அது ஒன்றுதான் அவளுக்கு உலகம். இந்த வருடம் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். வாசித்ததைப் பதிந்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். இதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் கிடைக்கவில்லை. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது, இனி போடவே முடியாது. வீட்டில் யாரும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று வேளையும் எல்லோர் தொண்டையிலும் இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

பதிவு வைத்த அன்று பார்த்து, மாடி அறையின் தரையெல்லாம் என் மூட்டைகள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். மைக் நிற்கிற முக்காலியை விரிக்க இடமில்லை.

"அண்ணி, இந்த மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தக் கூடாதா?"

"எங்கே நகர்த்த? என் தலைமேலயா?"

அவள் மூட்டைகளைத் தாண்டிப் போனாள். அலமாரி உச்சியில் ஒரு கம்பைக் கட்டி, மைக்குகளை மேலேயிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டாள். வயலினுக்கு மேலேயிருந்து கேட்பது இன்னும் நல்லதாம். வயர்களைச் சொருகினாள். பதிவுப் பெட்டியின் முன் உட்கார்ந்து, "நேர் மைக் இன்னிக்கு என்னமோ முனகுதே" என்று குமிழைத் திருகிக் கொஞ்சம் கூட்டிவைத்தாள். வழக்கம்போல இடது காதில் ஹெட்போன், வலது காது வீட்டுக்கு.

நான் கீழே மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெற்ற பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் கையில் பிடித்த ஊசியைக் கோர்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் இவள் ஒற்றைக் காதால் முழுதும் ஒரு தடவை கேட்டு, "அருமையா வந்திருக்கு" என்றாள். மறுநாள் காலையில் பதிவுக் கோப்பைக் கல்லூரிக்கு அனுப்பினாள். அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே என்று, மைக்குகள் தனித்தனியாகப் பதிந்திருந்த மூலத்தை மெமரி அட்டையிலிருந்து அழித்தும்விட்டாள். அதுவும் அவளுடைய பழைய கம்பெனிப் பழக்கம். தரம் சொல்லி முடித்த அழைப்பை உடனே அழித்துவிட வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் மகள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு. நான் அழுது தீர்த்தேன். பிறகு, பதிவு போய்ச் சேர்ந்துவிட்டதே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு கதவு சாத்துகிறார்கள். அதுவரை வேண்டுமானால் கோப்பை மாற்றி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. நமக்குத்தான் எல்லாம் முடிந்துவிட்டதே என்று நான் கடையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். பேன்ட் உயரம் குறைக்க ஒரு டீச்சர் வந்திருந்தார். "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார். கேட்டாரோ இல்லையோ, நான் ஆரம்பித்துவிட்டேன். "நான் சொல்றதைவிட நீங்களே கேளுங்க" என்று போனை எடுத்து, ஒத்தைக்காது எனக்கும் அனுப்பியிருந்த பதிவை முதல் தடவையாக ஓடவிட்டு மேசைமேல் வைத்தேன்.

வயலினைக் காணோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், காணோம். ஜன்னலில் புறா முனகுகிறது. தரைப்பலகை கிறீச் என்கிறது. யாரோ மூச்சு விடுகிறார்கள். எங்கேயோ அடுத்த தெருவில், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ வயலின் வாசிப்பது போல ஒரு சாயல், அவ்வளவுதான். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். புறாதான் பெரிதாயிற்று.

டீச்சர் நல்ல மனுஷி. "புதுமாதிரி இசை போல" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. பேன்ட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வெச்சிருக்கே? என் பொண்ணைக் காணோம், புறா மட்டும் இருக்கு!"

ஒத்தைக்காது பதறி எழுந்தாள். என் போனை வாங்கிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. "இல்லை அண்ணி, நான் கேட்டேனே… நல்லா இருந்துச்சே" என்று தன் ஹெட்போனை எடுத்து இடது காதில் வைத்துப் பார்த்தாள். வயலின் இருந்தது. வலது காதுக்கு மாற்றினாள். அங்கேயும் இருந்தது. போனில் போட்டாள். புறா.

"மூலப் பதிவை எடுத்துப் பாரேன்."

"அழிச்சுட்டேன் அண்ணி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் மகள், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "பரவாயில்லை அத்தை. அவங்க ஹெட்போன்ல கேட்டாலும் கேப்பாங்க" என்றாள். இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் வந்ததோ இந்தப் பொறுமை, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்கள் எதில் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு வருடம் ராவும் பகலுமாகத் தேய்த்தது ஒரு புறாவிடம் தோற்றுப்போவதா?

"போன்ல கேட்டாக்கூடக் கெடாதுன்னு சொன்னியே!" என்று கத்தினேன்.

"கெடாது அண்ணி. கெடக் கூடாது. வயலின் போயி பக்கம் மட்டும் எப்படி…" என்று தொங்கவிட்டிருந்த கம்பை அண்ணாந்து பார்த்தாள். கம்பு இன்னும் அங்கேயேதான் இருந்தது. பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தலைகீழா தொங்கவிட்டேன். மேல இருக்கறது கீழ வந்துடுச்சு. நான் கீழ இருக்கறதுதான் நேர்னு பழக்கத்துல வயரை மாத்திச் சொருகிட்டேன். நேரைப் பக்கம்னும், பக்கத்தை நேர்னும் வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன்." பிறகு மெதுவாக, "முக்காலி வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றாள்.

"ஓஹோ! அப்போ என் மூட்டைதான் காரணம்னு சொல்றே?"

"நான் அப்படிச் சொல்லலை அண்ணி."

"சொல்லாம சொல்றே!"

"அம்மா!" என்றாள் மகள்.

அதோடு நான் வாயை மூடினேன். ஒத்தைக்காது நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். இந்தத் தடவை இரண்டு காதிலும். இத்தனை வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. யாரோ வேற்றுப் பெண் போல இருந்தாள். "ஏய்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முகத்தைச் சுளித்தாள், தலையை ஆட்டினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, "ரெண்டு காதும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது. தனித்தனியா கேட்டா ஒரு தப்பும் இல்லை, சேர்ந்தாத்தான் தகராறு. ஒத்தைக் காதுல கேட்டதால எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

உன்னையும் என்னையும் போல என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் கண் எங்கேயோ நிலைத்திருந்தது. சட்டென்று கையை நீட்டி என் கழுத்தில் தொங்குகிற பையிலிருந்த தையல் சாக்பீஸை உருவினாள். அலமாரிக் கதவில் எழுத ஆரம்பித்தாள். இடது காதுக்கு: பக்கம் கூட்டல் நேர். வலது காதுக்கு: பக்கம் கழித்தல் நேர். அதன் கீழே ஒரு கோடு. கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கூட்டினா நேர் அடிபட்டு, பக்கம் மிஞ்சுது. அதான் போன்ல கேட்டது. அப்போ…" சாக்பீஸால் கதவைத் தட்டினாள். "இடதுலேருந்து வலதைக் கழிச்சா? பக்கம் அடிபட்டு, நேர் வந்துடும். அண்ணி! மூலம் அழியவே இல்லை. அனுப்பின கோப்புக்குள்ளயே ரெண்டு மைக்கும் முழுசா இருக்கு. எதுவும் போகலை அண்ணி!"

எனக்குக் கணக்கு புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டாள். துணி கிழியவில்லை, வெட்டுப்படவில்லை. பிரித்துத் திருப்பித் தைத்தால் சட்டை வந்துவிடும். இதை நான் என் கடையில் எத்தனை தடவை செய்திருக்கிறேன்.

அவள் கம்ப்யூட்டரில் எதை எதையோ இழுத்தாள், திருப்பினாள், கூட்டினாள், கழித்தாள். நானும் மகளும் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். கடைசியில் கோப்பை என் போனுக்கு அனுப்பினாள். "நீங்களே போடுங்க அண்ணி. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

போட்டேன். முதல் வில் இழுப்பிலேயே வயலின் வந்துவிட்டது. அந்தச் சின்னப் போனிலிருந்து, பக்கத்தில் நின்று வாசிப்பது போல, தெள்ளத்தெளிவாக. புறா எங்கே போயிற்றோ தெரியவில்லை. அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தச் சீருடை மூட்டைமேலேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மகள் தன் நல்ல கையால் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளும் இவ்வளவு நேரம் பயத்தை அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள் போல, பிடியை விடவே இல்லை.

"மைக்கைத் தலைகீழா தொங்கவிட்டதால இடமும் வலமும் மாறியிருக்கு அண்ணி. அதையும் சரி பண்ணிடட்டுமா?"

"அடியே, அனுப்புடி!"

இல்லை, அதையும் சரி செய்துவிட்டுத்தான் அனுப்பினாள். நான் சொல்லி அவள் எப்போது கேட்டிருக்கிறாள்? பழைய கோப்பு மாற்றப்பட்டது என்று திரையில் வந்ததை மூன்று பேரும் மாறி மாறிப் படித்தோம். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது. நான் கீழே போய் எல்லோருக்கும் டீ போட்டேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று டீச்சரைக் கூப்பிட்டு, சரியான பதிவைக் கேட்கவைத்து, பேன்ட்டையும் சும்மாவே குறைத்துக் கொடுத்தேன். அவர், "அந்தப் புறாவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒத்தைக்காதிடம் கறாராகச் சொன்னேன். "இனிமே பதிவு பண்ணும்போது ரெண்டு காதையும் மூடித்தான் கேக்கணும். சொல்லிட்டேன்."

அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, சாதாரணமாக, "மூடிட்டா நீங்க கூப்பிடறது எனக்குக் கேக்காதே அண்ணி" என்றாள்.

நான் அவளை எதற்கெல்லாம் கூப்பிடுவேன்? கத்தரிக்கோல் எங்கே. மழை வருகிறதா பார். பால்காரர் வந்தாரா. ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன். அந்த ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வருடமாக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துக் கிண்டலாகப் பெயர் வேறு வைத்திருக்கிறேன். "சாப்பிடு, ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன்.

மாடி அறையில் இப்போது என் மூட்டை ஒன்றுகூட இல்லை. கிடார்காரர் வந்தாலும், கட்டுப் பிரித்த கையோடு என் மகள் வாசித்தாலும், கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். போனை அணைத்துவிடுவேன். பட்டன் தைக்கிற வேலை என்றால் எடுத்துக்கொண்டு போவேன், அது சத்தம் போடாது. போன வாரம் தம்பி சீக்கிரமே வந்துவிட்டான். ஷூக் காலோடு தடதடவென்று படியேறி, பெண்டாட்டியைக் கூப்பிட வாயைத் திறந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"கத்தாதே. உள்ளே அவ ரெண்டு காதையும் மூடியிருக்கா. உனக்கு என்ன வேணுமோ என்கிட்ட சொல்லு."